முள்ளில் ஒளி ஏறிய கதை

ஓசூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்து ஒன்றில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் வார்களும் பேட்டரி அட்டைகளும். பின்னால் முக்காலியில் அவர். ஒரு நாள் மாலை நான் போனபோது, யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய சுவிஸ் கடிகாரம் அவர் முன்னால் பிரிந்து கிடந்தது. கறுப்பு டயல். எண்களின் மேல் தடவியிருந்த பூச்சு ஒரு காலத்தில் வெளிர்மஞ்சளாக இருந்திருக்கும். இப்போது வறுத்த சீரகத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. நிமிட முள்ளின் நடுவில் நீளவாக்கில் ஒரு திறப்பு. அதில் நிரப்பியிருந்த பூச்சு பாதி உதிர்ந்து, டயலின் மேல் தூளாகச் சிந்தியிருந்தது.

“ரேடியம் செத்துப்போச்சு சார். சுரண்டிட்டுப் புதுசு வச்சுக் குடுத்துடலாம்” என்றார். சுரண்ட ஊசியும் கையில் தயாராக இருந்தது.

“சுரண்டாதீங்க ஐயா. அது சாகலை.”

“இருட்டுல தெரியலையே. தெரியலைன்னா செத்த மாதிரிதானே?”

நியாயமான கேள்விதான். செத்துப்போனது ஒன்று உண்டு. ஆனால் அது ரேடியம் இல்லை. அந்தப் பூச்சில் இரண்டு சரக்கு கலந்திருக்கும். ஒன்று ரேடியம் உப்பு, கண்ணுக்கே தெரியாத அளவு. இன்னொன்று துத்தநாக சல்பைடு. பூச்சின் உடம்பே அதுதான். ரேடியம் ஓயாமல் ஆல்ஃபா துகள்களை வீசிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துகளும் துத்தநாக சல்பைடு படிகத்தில் மோதும்போது ஒரு பொறி தெறிக்கும். 1903-இல் வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு சின்னக் குழாயில் லென்ஸ் பொருத்தி, அதன் அடியில் துத்தநாக சல்பைடு திரையையும் இம்மி ரேடியத்தையும் வைத்து, இந்தப் பொறிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வழி செய்தார். கடிகார முள்ளில் நாம் பார்ப்பது அந்தப் பொறிகளின் கூட்டத்தைத்தான். இதில் சங்கடம், மோதுகிற ஒவ்வொரு துகளும் படிகத்தைக் கொஞ்சம் உடைத்துவிட்டும் போகிறது. வாங்கிய அடி சேரச் சேரப் படிகம் ஒளிர்வதை நிறுத்திவிடும். அடித்த ரேடியத்துக்கு ஒன்றும் ஆகாது. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்த 1010-இல் ஒரு கிராம் ரேடியத்தைப் பூட்டி வைத்திருந்தால், இன்றைக்குத் திறந்தாலும் அரைக் கிராமுக்கு மேல் இருக்கும்.

ஆக, இருட்டில் தெரியாத பழைய ரேடியம் கடிகாரம், தெரிந்த காலத்தில் இருந்த அதே கதிரியக்கத்தோடுதான் அநேகமாக இருக்கிறது. சுரண்டினால் மூக்கில் ஏறும்.

ரேடியத்தை மேரி கியூரியும் பியேர் கியூரியும் பாரிசில் கண்டுபிடித்தது 1898-இல். நாலே வருடத்தில், 1902-இல், வில்லியம் ஹேமர் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதைத் துத்தநாக சல்பைடோடு குழைத்துப் பூச்சாக்கிப் பார்த்தார். கடிகார முட்களுக்கும் தடவினார். கண்டுபிடிப்பு என்ற அளவில் கதை அங்கேயே முடிந்தது. ஆனால் ரேடியத்தின் விலை யானை விலை, குதிரை விலை. டன் கணக்கில் தாதுவைக் கரைத்து வடித்தால்தான் ஒரு கிராமில் ஒரு துளி கிடைக்கும். அந்த விலையைக் கொஞ்சம் இறக்கிவிட்ட பொருளொன்று உண்டு. அதன் ஊர்களில் ஒன்று இன்றைய தமிழ்நாட்டுக் கடற்கரை.

1909 வாக்கில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். கயிற்றோடு வந்த அழுக்கு என்று உதறிவிட வேண்டிய மணல் அது. அதில் மோனசைட் என்ற தாது மின்னியது. தேடிக்கொண்டு வந்தவர் அடுத்த ஓரிரு ஆண்டில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையே போட்டுவிட்டார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956-இல்தான் கன்னியாகுமரி மாவட்டமாக நம் பக்கம் வந்தது. உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியர் என்பதால் ஷோம்பெர்க் கைதானார். ஆலை ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போனது.

மோனசைட்டுக்கு அப்போது அவ்வளவு கிராக்கி வரக் காரணம் விளக்கு. ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் செந்திலின் கை பட்டுப் பொடிந்துபோகுமே, பெட்ரோமாக்ஸ் மேண்டில், அதன் சாம்பல் முழுக்கத் தோரியம் ஆக்சைடு. ஒரு சதவீதம்போலச் சீரியம். ஆஸ்திரியாவின் கார்ல் அவர் வான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த சேர்மானம் அது. மோனசைட்டிலிருந்து தோரியத்தை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவில், தோரியத்திலிருந்து பிறக்கும் இன்னொரு கதிரியக்கப் பொருள் இருப்பதை 1907-இல் ஓட்டோ ஹான் கண்டார். மெசோதோரியம் என்று பெயர் வைத்தார். வேதியியலில் அது ரேடியத்தின் உடன்பிறப்பு, ரேடியம்-228. அரை ஆயுள் ஆறு ஆண்டுக்கும் குறைவு. விலையும் குறைவு. மேண்டில் ஆலைகள் கழிவைக் காசாக்கின. கடிகாரப் பூச்சுக்காரர்கள் ரேடியத்தோடு மெசோதோரியத்தைக் கலந்து செலவைக் குறைத்தார்கள். அன்றைய உலகச் சந்தைக்கு மோனசைட் வந்த பெரிய வாசல்கள் இரண்டு: பிரேசில், திருவிதாங்கூர். கல்யாண வீட்டு விளக்கும் பதுங்குகுழிச் சிப்பாயின் கடிகார முள்ளும் ஒரே மணலில் பிறந்தவை என்று சொன்னால் தப்பில்லை.

பதுங்குகுழி என்றதும் போருக்கு வந்துவிட்டோம். 1914-க்கு முன்னால் ஆண்கள் சட்டைப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம்தான் வைத்திருந்தார்கள். மணிக்கட்டில் கட்டுவது பெண்களின் நகை என்று ஒரு நினைப்பு. ஒரு கையில் துப்பாக்கி, இடுப்பளவு சேறு, விடியுமுன் குறித்த நிமிடத்தில் எல்லோரும் சேர்ந்து மேலே ஏற வேண்டும் என்கிற நிலைமையில் பையைத் துழாவி மணி பார்க்க முடியாது. தீக்குச்சி கிழித்தால் எதிரிக்குக் குறி கிடைத்துவிடும். கடிகாரம் கைக்கு ஏறியதும், அதில் ஒளி ஏறியதும் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்தன.

1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியது. நியூ ஜெர்சியின் ஆரஞ்சு என்ற ஊரில், சாபின் வான் சொசாக்கி என்ற மருத்துவர் தொடங்கிய கம்பெனி ‘அன்டார்க்’ என்ற பெயரில் ரேடியம் பூச்சு விற்றுக்கொண்டிருந்தது. டயல் தீட்ட ஊர்ப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது; அதற்கும் கீழே சிலர். டயலுக்கு இவ்வளவு என்று கூலி. கை வேகமான பெண் ஒரு நாளில் இருநூறு டயலுக்கு மேல் முடித்துவிடுவாள். கூலியும் அந்தக் காலத்துக்கு நல்ல கூலி.

எண்ணின் வளைவுக்குள் பூச்சு வழியாமல் நிற்க வேண்டுமென்றால் தூரிகையின் முனை ஊசியாக இருக்க வேண்டும். ஒட்டகமுடித் தூரிகை நாலைந்து இழுப்பில் விரிந்துவிடும். தண்ணீரில் கழுவினால் சரக்கு வீண், துணியில் துடைத்தாலும் வீண். அதனால் உதட்டில் வைத்து முனையைக் கூட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். உதடு, பூச்சு, டயல், மறுபடி உதடு. நம் ஊரில் நூலை உதட்டில் ஈரமாக்கி ஊசியில் கோர்ப்பதுபோல அந்தப் பெண்களுக்கும் அது யோசிக்காமல் வரும் பழக்கமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் செய்யாதா என்று கேட்டவர்களுக்கு, செய்யாது, கன்னம் சிவக்கும் என்று பதில் கிடைத்தது. வேலை முடிந்து போகும்போது கூந்தலில் படிந்த தூள் இருட்டில் மின்னும். சனிக்கிழமை நடனத்துக்குப் போகிற உடையை வேலைக்கே கட்டிக்கொண்டு வருவார்கள், துணியிலும் கொஞ்சம் ஒளி ஏறட்டும் என்று. பல்லில் தீட்டிக்கொண்டு சிரித்துக் காட்டியவர்களும் உண்டு.

ரேடியம் உடம்புக்குள் போனால் உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று நினைத்துக்கொள்ளும். இரண்டும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதி. எலும்பில் கொண்டுபோய்ப் பத்திரமாகப் பூட்டி வைக்கும். 1922 செப்டம்பரில், டயல் தீட்டியவர்களில் ஒருவரான மோலி மேகியா இறந்தபோது அவருடைய தாடை எலும்பு துண்டுதுண்டாகக் கழன்று வந்திருந்தது. இறப்புச் சான்றிதழில் மேகநோய் என்று எழுதினார்கள். செத்த பிறகும் அவமானம். ஐந்து வருடம் கழித்து, 1927-இல், உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தார்கள். மேகநோயின் சுவடு இல்லை, எலும்பெல்லாம் கதிரியக்கம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1925-இல், ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மாவட்ட மருத்துவர் நோயின் காரணத்தை எழுதி வெளியிட்டிருந்தார். ரேடியத்தோடு மெசோதோரியத்தின் பெயரும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது.

கிரேஸ் ஃபிரையர் என்ற பெண் முன்னால் நின்று, மேலும் நாலு பேரோடு வழக்குப் போட்டார். மோலியின் சகோதரிகள் இருவரும் அந்த நால்வரில் உண்டு. வழக்கை எடுத்து நடத்த ஒரு வக்கீல் கிடைக்கவே அவர்களுக்கு நாளாயிற்று. சத்தியப் பிரமாணத்துக்குக் கையைத் தூக்க முடியாத நிலையில் நீதிமன்றம் வந்தார்கள். ஆளுக்கு 2,50,000 டாலர் கேட்டார்கள். 1928-இல் தலைக்கு 10,000 டாலர், உயிரோடு இருக்கும்வரை ஆண்டுக்கு 600 டாலர், மருத்துவச் செலவு என்று சமரசமானது. உயிரோடு இருக்கும்வரை என்ற நிபந்தனையில் கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம் என்பதைக் கணக்குப் பார்த்தவர்கள் யாரென்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. கிரேஸ் ஃபிரையர் 1933-இல் இறந்தார். அன்டார்க் பூச்சை உருவாக்கிய சொசாக்கி அவருக்கும் முன்னாலேயே, 1928-இல், அதே சரக்கால் இரத்தம் வற்றிச் செத்தார்.

அந்தப் பெண்களின் எலும்பிலிருந்து ஒரு எண் பிறந்தது. மனித உடம்பு தாங்கக்கூடிய ரேடியம் ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு என்று 1941-இல் அமெரிக்காவில் வரையறுத்தபோது, அளவுகோலாக இருந்தவர்கள் டயல் தீட்டியவர்கள்தான். அணுகுண்டுத் திட்டத்தில் புளூட்டோனியத்தைக் கையாண்டவர்களுக்குப் பாதுகாப்பு எல்லை வகுத்ததும் அதை வைத்துத்தான்.

அதனால் ரேடியம் பூச்சு உடனே நின்றுவிட்டதா என்றால், இல்லை. இன்னொரு உலகப் போர் முழுக்க விமான மானிகளிலும் கடிகாரங்களிலும் அதுதான். உதட்டுப் பழக்கம் நின்றது, பூச்சு நிற்கவில்லை. சுவிட்சர்லாந்தில் டயல்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையலறை மேசையில் வைத்துத் தீட்டும் குடிசைத்தொழில் 1960-கள் வரை நடந்தது. 2014-இல் பீல் நகரத்தில் சாலை போடத் தோண்டியபோது பழைய குப்பைமேட்டில் ரேடியக் கழிவு கிளம்பியது. அதன் பிறகு அந்த நாடு தெருத்தெருவாகப் போய், டயல் தீட்டிய பழைய வீடுகளை அளந்து, தோட்டத்து மண்ணை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

1960-களில் ரேடியத்தின் இடத்துக்கு ட்ரிட்டியம் வந்தது. ஹைட்ரஜனின் கதிரியக்கத் தம்பி. அது வீசும் எலக்ட்ரான் மிகச் சோனி. கடிகாரக் கண்ணாடியைக்கூடத் தாண்டாது. ஆறு மணிக்குக் கீழே, சுவிஸ் என்ற எழுத்துக்கு இருபுறமும் குட்டியாக ஆங்கில ‘டி’ எழுத்து இருந்தால் அது ட்ரிட்டியம் டயல். 25 மில்லிகியூரிக்கு உட்பட்டது என்று பொருள். அரை ஆயுள் 12.3 ஆண்டு. கல்யாணத்துக்குப் போட்ட கடிகாரம் பிள்ளை பத்தாவது எழுதும்போது பாதிக்கும் கீழே மங்கியிருக்கும். இடையில் ஸ்ட்ரான்ஷியம்-90 கலந்து பார்த்தவர்களும் உண்டு. அப்படி அமெரிக்காவில் விற்ற ரோலெக்ஸ் கடிகாரங்கள் சிலவற்றை 1960 வாக்கில் அந்நாட்டு அணுசக்தி ஆணையம் தலையிட்டுத் திரும்பப் பெறவைத்தது.

ஜப்பானியர் வேறு வழி பிடித்தார்கள்: புரோமீத்தியம்-147. அரை ஆயுள் 2.6 ஆண்டுதான். எழுபதுகளில் பர்மா பஜாரில் பேரம் பேசியும், சிங்கப்பூர் மாமா கொண்டுவந்தும் நம் வீடுகளுக்குள் நுழைந்த ஜப்பான் கடிகாரங்கள் பலவற்றில் இருந்தது இதுதான். மாமா அடுத்த லீவுக்கு ஊர் வருவதற்குள் முள்ளின் ஒளி பாதியாகியிருக்கும். “என்ன மாமா, டூப்ளிகேட்டா?” என்று கேட்டுவிடக் கூடாது, சரக்கின் குணமே அது.

இனி எல்லையோரம். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வந்தால் கர்நாடகம். அங்கிருந்து பெங்களூரின் வடகோடியில் ஜாலஹள்ளி. 1961-இல் சிட்டிசன் கம்பெனியின் கூட்டோடு எச்எம்டி அங்கே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், ஜவான். ஜனதா அலுவலக மேசைக்காரர்களுடையது. ஜவானும் பைலட்டும் பெயரிலேயே போருக்குப் பிறந்தவை. பெரிய எண்கள், ஒளிப்பூச்சு ஏற்றிய முட்கள். சாவி கொடுத்தால் ஓடும், இருட்டில் மணி காட்டும். லாரி ஓட்டுநரும், இரவுக் காவலுக்குப் போகிறவரும், ரயில்வேக்காரரும் விரும்பிக் கட்டியது இந்த ரகத்தை. ஒளி என்பது அவர்களுக்கு அலங்காரம் கிடையாது.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூர் வேறு மாதிரி. 1980-ஐ ஒட்டி இங்கே அசோக் லேலண்டின் லாரியும் டிவிஎஸ் மொபெட்டும் உருவாகத் தொடங்கியிருந்தன. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டாக டைட்டன் வாட்சஸ் கம்பெனியைப் பதிவு செய்தன. இன்றைக்கும் அதன் பங்குகளில் நூற்றுக்கு 27-க்கு மேல் டிட்கோவிடம்தான். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை; தருமபுரி மாவட்டத்தின் ஒரு மூலைதான் ஓசூர். இயந்திரம் தெரிந்தவர்கள் எச்எம்டியிலிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வந்தார்கள். கையால் செய்கிறவர்களைச் சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளிலிருந்து எடுத்தார்கள். அதற்கு முன்னால் கடிகாரத்தைப் பிரித்தே பார்த்திராத, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பிள்ளைகள். பயிற்சி கொடுத்து இடுக்கியைக் கையில் கொடுத்தார்கள். 1987-இல் கடிகாரங்கள் கடைக்கு வந்தன.

ஆரஞ்சு ஊரின் பெண்களையும் ஓசூரின் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடிகாரத் தொழில் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தேடுவது பதினெட்டு வயதுக் கண்ணையும் நடுங்காத விரலையும்தான். ஓசூரின் அதிர்ஷ்டம், இந்தத் தொழில் இங்கே வந்தபோது அந்த எழுபது வருடப் பாடம் உலகத்துக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓசூரில் பிறந்த கடிகாரத்துக்கு ஒளி அவ்வளவாகத் தேவைப்படவே இல்லை. அதைத் திட்டமிட்ட செர்க்ஸஸ் தேசாய், சாவிக் கடிகாரத்தை விட்டுவிட்டுக் குவார்ட்சின் மேல் பந்தயம் கட்டினார். மொஸார்ட் இசையோடு விளம்பரம் வந்தது. மணி பார்க்க ஒன்று என்றிருந்ததை, பரிசு கொடுக்க, பட்டு வேட்டிக்கும் கோட்டுக்கும் பொருத்தமாகக் கட்டிக்கொள்ள ஒன்று என்று மாற்றினார்கள். தங்க முலாம், மெல்லிய உடம்பு, குச்சி முள். பூச்சுக்கும் ஒரு கனம் உண்டு. அதைத் தாங்க முள்ளுக்கு ஒரு அகலம் வேண்டும். அகலமான முள்ளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி வேண்டும். 2002-இல் வந்த எட்ஜ் கடிகாரத்தின் மொத்தத் தடிமனே 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட வீட்டில் ஒளிப்பூச்சுக்கு எங்கே இடம்? பழைய ஓசூர்க் கடிகாரங்கள் பெரும்பாலும் விளக்கெரியும் கூடத்துக்காகப் பிறந்தவை. எல்லைக்கு அப்பால் பிறந்த ஜவான் இருட்டுக்காக. எல்லையின் இரு பக்கம் இரண்டு குணம்.

ஓசூர் ஆலை ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள், 1993-இல், ஜப்பானின் நெமோட்டோ கம்பெனியில் ஒளியின் மறுபிறப்பு நடந்தது. ஜப்பான் கடிகாரங்களுக்குப் புரோமீத்தியம் பூச்சு கொடுத்துவந்த கம்பெனியே அதுதான். கதிரியக்கச் சரக்குக்கு உலகம் கதவடைக்கத் தொடங்கியதும் பிழைக்க வேறு வழி தேட வேண்டியிருந்தது. கதிரியக்கம் இல்லாத துத்தநாக சல்பைடு பூச்சு ஏற்கெனவே உண்டு. வெளிச்சத்தில் காட்டினால் ஒளிரும், ஆனால் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். விடிய விடிய நிற்காது. நெமோட்டோ ஆய்வாளர்கள் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்ற பொருளில் யூரோப்பியத்தைக் கலந்தார்கள். கூடவே டிஸ்ப்ரோசியத்தையும் கலந்தார்கள். பகல் வெளிச்சத்தில் யூரோப்பியம் வாங்கிய ஆற்றல், டிஸ்ப்ரோசியத்தின் உதவியால் படிகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அறையின் சாதாரண வெப்பம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்க, பச்சை ஒளி இரவெல்லாம் கசிகிறது. பழைய துத்தநாக சல்பைடைவிடப் பத்து மடங்கு பிரகாசம், பத்து மடங்கு நேரம். இதில் இருக்கும் ஸ்ட்ரான்ஷியம் கதிரியக்கமற்ற சாது. ரோலெக்ஸைத் திரும்ப வாங்கவைத்த 90-ஆம் எண்காரனோடு பெயர் மட்டும்தான் உறவு. 1990-களின் இறுதியில் சுவிஸ்காரர்களும் இதற்கே மாறிவிட்டார்கள். அங்கே அதன் பெயர் சூப்பர்-லூமினோவா.

யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் அருமண் தனிமங்கள். மோனசைட் மணலில் இருப்பதும் இதே குடும்பம்தான். சீரியம், லாந்தனம், நியோடிமியம் தாராளமாக, யூரோப்பியம் இம்மியளவு. மணவாளக்குறிச்சியில் இன்றும் ஐஆர்இஎல் என்ற மத்திய அரசு நிறுவனம் அந்த மணலைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அந்த மணலின் கழிவிலிருந்த சரக்கு கடிகாரத்தில் ஏறியது. இன்று ஏறுவது மூலச்சரக்கின் உறவுக்காரர்கள்.

புதிய பூச்சுக்குத் தண்ணீர் ஆகாது. ஈரம் பட்டால் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் சிதைந்துவிடும். அதனால் பொடியை வார்னிஷில் குழைத்துத்தான் கையாள வேண்டும். பொடி பருமனாக இருந்தால் ஒளி கூடுதல், ஆனால் பூச்சு நறநறவென்று நிற்கும். நைசாக அரைத்தால் வழவழப்பு வரும், ஒளி குறையும். டயல் எண்களுக்கு அச்சடிப்பதுபோலப் பல அடுக்காக ஏற்றலாம். முள்ளுக்கு அது நடக்காது. நடுவில் திறப்புள்ள முள்ளைக் குப்புறக் கிடத்தி, மருந்து ஊசி போன்ற சிரிஞ்சில் பூச்சை எடுத்து, திறப்பின் ஒரு முனையில் துளி வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போவார்கள். துளி இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, சோப்புப் படலம் வளையத்தில் நிற்பதைப்போல நடுவில் தொங்கி நிற்கும். இழுப்பு ஒரு கணம் நின்றால் அங்கே மேடு தட்டும். வேகமாகப் போனால் நடுவில் ஓட்டை. காய்ந்த பிறகு திருப்பினால் மேல்பக்கம் சமமாக, பளிச்சென்று இருக்க வேண்டும். இதில் தூரிகையும் கிடையாது, உதட்டுக்கு வேலையும் கிடையாது.

பழைய கடிகாரம் வாங்கிச் சேர்க்கும் பிள்ளைகள் இப்போது ஓசூரிலும் பெங்களூரிலும் நிறைய. எச்எம்டி கடிகார ஆலைகளை மூடுவதென்று மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்த பிறகு ஜவானுக்கும் பைலட்டுக்கும் விலை ஏறிவிட்டது. விலை ஏறியதும் சந்தையில் புது டயல் ஒட்டிய பழைய கடிகாரங்கள் குவிந்தன. ஐம்பது வயதுக் கடிகாரத்தில் ஒளிப்பூச்சு மட்டும் பச்சைப் பசேலென்று விடிய விடிய எரிந்தால், விற்கிறவர் எத்தனை சத்தியம் செய்தாலும் அது 1993-க்குப் பிந்திய சரக்கு. டயலில் உள்ள பூச்சும் முள்ளில் உள்ள பூச்சும் ஒரே அளவுக்கு நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருந்தால், யாரோ எப்போதோ முள்ளை மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

எச்எம்டிக்கும் முந்திய, 1960-களுக்கு முன் பிறந்த வெளிநாட்டுக் கடிகாரம் கைக்கு வந்து, பூச்சும் பழுப்பேறியிருந்தால், ரேடியம் என்றே வைத்துக்கொள்வது நல்லது. மூடியபடி இருக்கும்வரை ஒன்றும் பெரிதாக ஆகாது. பின்மூடியைத் திறந்து டயலைத் தொடும்போதுதான் தூள் கிளம்பும். டஜன் கணக்கில் சேர்த்து, காற்றோட்டமில்லாத அலமாரியில் பூட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. ரேடியம் சிதைந்து ரேடான் என்ற வாயுவாகிக் கசியும். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 2018-இல் இப்படி முப்பது ரேடியம் கடிகாரங்களை ஒரு அறையில் வைத்து அளந்து பார்த்தார்கள். அறையில் சேர்ந்த ரேடான், அனுமதிக்கப்பட்ட அளவைப்போலப் பல மடங்கு.

சேகரிப்பவர்களுக்கோ அந்தப் பழுப்பு நிறத்தின் மேல்தான் மோகம். பூச்சு செத்து நிறம் மாறிய டயலைச் சுரண்டிப் புதுப்பித்தால் கடிகாரத்தின் விலை பாதியாகிவிடும். மோகம் முற்றிப்போய், கடிகாரக் கம்பெனிகள் இப்போது புத்தம்புதிய கடிகாரத்திலேயே செத்த பூச்சின் நிறத்தைக் கேட்கின்றன. பூச்சு செய்கிறவர்களும் நல்ல பச்சை ஒளி தரும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டில் பழுப்பு நிறமியைக் கலந்து கொடுக்கிறார்கள். கலந்தால் ஒளி கொஞ்சம் மட்டுப்படும், வாங்குகிறவர் பொருட்படுத்துவதில்லை. சூப்பர்-லூமினோவா நிறப் பட்டியலில் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது: ‘ஓல்ட் ரேடியம்’. அதில் ரேடியம் துளியும் கிடையாது.